கொதிக்கும் மடிக்கணினி, இருளும் திரை: பணம் கொடுப்பதற்கு முன் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

கோவில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்பில் பாடக் காணொளிகளைக் காட்டவும், திருவிழாக்களில் எடுத்த படங்களை வெட்டிச் சேர்த்து வெளியூர் உறவினருக்கு அனுப்பவும் எங்களிடம் இருப்பது 2017இல் வாங்கிய ஒரு மடிக்கணினி. சென்ற பங்குனியிலிருந்து அது தொல்லை கொடுக்கத் தொடங்கியது. முதலில் விசிறி ஓயாமல் இரைந்தது. பிறகு காணொளி விட்டுவிட்டு ஓடியது. அதன் பின், படம் வெட்டும் மென்பொருளைத் திறந்தாலே திரை இரண்டு நொடி இருண்டு மீண்டும் வந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் ககர வரிசையைப் பாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கருவி அணைந்தே போனது.

அடுத்த வாரத்துக்குள் யோசனைகள் குவிந்தன. அடியில் விசிறி வைத்த மேடை ஒன்றை வாங்கிவிடலாம் என்றார் என் மச்சான். திரைக்குப் படத்தை உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் சிப்பைச் சூடுகாட்டி உட்காரவைத்தால் சரியாகிவிடும் என்றார் கடைக்காரத் தம்பி. வெளித்திரை ஒன்றை மாட்டி மேசைக் கணினிபோல வைத்துக்கொள்ளலாம் என்றார் வகுப்பு ஆசிரியை. பழையதைக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்குவதே நல்லது என்றார் கணக்குப் பார்ப்பவர். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கோளாறுக்குச் சரியான மருந்துதான். ஆனால் நோய் சூட்டில் இருக்கிறதா, படம் வரும் வழியில் இருக்கிறதா, இரண்டிலுமா என்று பிரித்தறியாமல் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கிளி சீட்டெடுப்பதற்கு ஒப்பாகும். தவறான சீட்டுக்கு இரண்டு முறை பணம் கொடுத்த பிறகு வேறு மடிக்கணினி வாங்கியவர்களை நான் அறிவேன்.

நாங்கள் இருக்கும் மியன்மாரின் யாங்கோனில் இந்தக் கேள்விக்குத் தனி அவசரமும் உண்டு. அறையின் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்று பல மடிக்கணினிகளின் கையேட்டிலேயே குறித்திருப்பார்கள். தண்ணீர்த் திருவிழா நடக்கும் ஏப்ரல் மாதத்தில் நம் பிற்பகல்கள் அந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டிவிடுகின்றன. 2024 ஏப்ரல் 28 அன்று மகுவே வட்டாரத்துச் சௌக் நகரில் 48.2 டிகிரி பதிவான அதே நாளில் யாங்கோனும் 40 டிகிரியை எட்டியது. விசிறியும் செப்புக் குழாயும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அறையின் காற்றைவிடக் கீழே சிப்பைக் குளிரவைக்க அவற்றால் முடியாது. அறை 25 டிகிரியிலிருந்து 37 டிகிரிக்கு ஏறினால், அதே வேலையைச் செய்யும் சிப்பின் சூடும் ஏறத்தாழ அந்த 12 டிகிரி கூடவே ஏறும். குளிர்சாதன அறையில் இருந்து சொல்லப்படும் ஆலோசனைகள் நமக்கு அப்படியே பொருந்தாமல் போவதற்கு இது ஒரு காரணம். மின்வெட்டு இன்னொரு காரணம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செலவில்லாத சோதனைகள்

கையை வைத்துப் பார்த்துக் கொதிக்கிறது என்று சொல்வது அளவாகாது, ஏனெனில் அடிப்பலகையின் சூட்டுக்கும் உள்ளே இருக்கும் சிப்பின் சூட்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கலாம். எச்டபிள்யூஇன்ஃபோ, கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள்களுள் ஒன்றை நிறுவி, கருவி சும்மா இருக்கும்போதும், பத்து நிமிடம் காணொளி ஓடிய பிறகும், தொல்லை தலைகாட்டும் கணத்திலும் எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். கணினியின் மூளையான முதன்மைச் சிப்பைப் பிராசசர் என்பார்கள். இன்டெல் மடிக்கணினி பிராசசர்களில் பெரும்பாலானவற்றுக்கு 100 டிகிரிதான் எல்லை. அந்த எல்லையை நெருங்கியதும் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. காணொளி திக்குவது அப்போதுதான். வேகத்தைக் குறைத்தும் சூடு தணியவில்லை என்றால் கருவி சட்டென்று அணைந்துவிடும். ஆகவே படம் திக்கும் நேரத்தில் எண் 95க்கு மேல் நின்றால் சூட்டின்மேல் குற்றம் சாட்டலாம். 65இலோ 70இலோ நிற்கும்போதே படம் உடைந்தால், விசிறிக்குச் செலவழிக்கும் காசு வீண்.

அடுத்தது எச்டிஎம்ஐ கம்பி வழியாக ஒரு தொலைக்காட்சியை இணைத்துப் பார்ப்பது. கோடும் புள்ளியும் மடிக்கணினியின் திரையில் மட்டும் தெரிந்து, தொலைக்காட்சியில் படம் சுத்தமாக இருந்தால், பழுது திரைப்பலகையிலோ கீல் வழியாக அதற்குச் செல்லும் மெல்லிய கம்பிப் பட்டையிலோ இருக்கிறது. மூடியை முன்னும் பின்னும் மெதுவாகச் சாய்க்கும்போது கோடுகள் மறைந்து தோன்றினால், கம்பிப் பட்டைதான் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். இரண்டு திரைகளிலும் ஒரே பழுது தெரிந்தால் அது எல்லாச் சிப்புகளையும் தாங்கும் மதர்போர்டு என்னும் பெரிய பலகையின் பக்கம், அதாவது கிராபிக்ஸ் சிப்பிலோ ராம் நினைவகத்திலோ, அல்லது சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் டிரைவர் மென்பொருளிலோ இருக்கிறது. ராமைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிராசசருக்குள்ளேயே அமைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. அது பொது ராமிலிருந்துதான் கடன் வாங்குகிறது. எனவே ராம் பலகையைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களைத் துடைத்து மீண்டும் செருகுவதும், மெம்டெஸ்ட்86 என்னும் சோதனையை ஓரிரவு ஓடவிடுவதும், சிப்பைச் சந்தேகிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை.

மூன்றாவது சோதனையைக் காலையில் செய்ய வேண்டும். இரவு முழுவதும் அணைந்து ஆறிக் கிடந்த கருவியை முடுக்கியவுடன் பயாஸ் என்னும் அடிப்படை அமைப்புத் திரைக்குள் நுழைந்து சற்று நேரம் அங்கேயே நிற்கவும். விண்டோஸ் இன்னும் எழவில்லை, டிரைவர் எதுவும் ஏறவில்லை, சூடும் இல்லை. அங்கேயே கோடு விழுந்தால் அது வன்பொருள் பழுது. அங்கே சுத்தமாக இருந்து விண்டோஸில் மட்டும் தொல்லை வந்தால் டிரைவரையோ சூட்டையோ பார்க்க வேண்டும்.

எங்கள் கருவியைப் போன்றவற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு: அதற்குள் இரண்டு கிராபிக்ஸ் அமைப்புகள் இருக்கின்றன. அன்றாட வேலைகளைப் பிராசசருக்குள் இருப்பது பார்த்துக்கொள்கிறது. படம் வெட்டுவது, விளையாட்டு போன்ற கனமான வேலை வந்தால் தனிச் சிப் விழித்தெழுகிறது. அந்தத் தனிச் சிப் இரண்டு நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால், விண்டோஸ் அதன் டிரைவரை நிறுத்தி மறுபடியும் தொடங்குகிறது. திரை இருண்டு மீண்டும் வருவதற்கு இதுவே வழக்கமான விளக்கம். எங்களுக்குக் கிடைத்த முடிவுகள் இவை: காணொளி ஓடத் தொடங்கிய ஆறாவது நிமிடத்தில் 98 டிகிரி, பயாஸ் திரை சுத்தம், படம் வெட்டும் மென்பொருளில் மட்டும் இருட்டு, அதுவும் மடிக்கணினி, தொலைக்காட்சி இரண்டிலும். ஆக, எங்களிடம் இருந்தது ஒரு நோய் அன்று, இரண்டு. வெப்பம் ஒன்று, தனிச் சிப் மற்றொன்று. முதலாவது இரண்டாவதைத் தூண்டுகிறதா, அல்லது இரண்டும் தனித்தனியா என்பதுதான் எஞ்சிய கேள்வி.

மென்பொருளால் ஆவது எவ்வளவு?

செலவே இல்லாத வழி என்பதால் இதை முதலில் முயல்வதில் தவறில்லை. காணொளிகள் பல வகையில் சுருக்கப்பட்டு வருகின்றன. அந்தச் சுருக்கத்தை அவிழ்ப்பதற்கான தனிப்பகுதி சிப்பிலேயே இருந்தால் வேலை சுலபமாக முடிகிறது. இல்லாவிட்டால் பிராசசர் தன் முழுப் பலத்தையும் காட்டி அவிழ்க்க வேண்டியிருக்கிறது, சூடும் ஏறுகிறது. எங்கள் கருவியில் இருப்பது 7ஆம் தலைமுறை இன்டெல். எச்.264, எச்இவிசி, விபி9 ஆகிய மூன்றையும் அவிழ்க்கும் பகுதி அதில் உண்டு. ஏவி1 வகைக்கு இல்லை. இன்டெல் மடிக்கணினிகளில் ஏவி1 அவிழ்ப்பு 2020இல் வந்த 11ஆம் தலைமுறையில்தான் சேர்ந்தது. யூடியூபின் அமைப்புகளில் ஏவி1 வகைக்கு முன்னுரிமை கொடுக்கும் தேர்வை யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். அதைத் திருப்பியதும், அதே பாடக் காணொளி 98க்குப் பதிலாக 91 டிகிரியில் ஓடியது. ஏழு டிகிரி, ஒரு காசு செலவில்லாமல்.

மின்சார அமைப்புகளில் பிராசசரின் உச்ச நிலையை 100 சதவீதத்திலிருந்து 99 ஆக்குவதும் பயன் தரும். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த மாற்றம் டர்போ என்னும் கூடுதல் வேகத்தை முழுதாக நிறுத்திவிடுகிறது. எங்கள் பிராசசர் 3.1 கிகாஹெர்ட்ஸ் வரை தாவுவதை விட்டுவிட்டு 2.5இல் அமைதியாக நிற்கிறது. பாடம் காட்டுவதற்கு அது போதும், படம் வெட்டுவதற்குப் போதாது. கிராபிக்ஸ் டிரைவரை முழுதாக நீக்கி, மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுத்து மீண்டும் நிறுவுவதையும் செய்து பார்த்துவிட வேண்டும். எங்களுக்கு அதனால் மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் விண்டோஸ் புதுப்பித்த மறுநாளே தொல்லை தொடங்கியவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே தீர்வாக அமையும்.

இவை எல்லாம் காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவது போன்றவை. காய்ச்சல் ஏன் வந்தது என்பதற்கு உள்ளே திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

விசிறி மேடையா, உள்ளே சுத்தமா?

விசிறி மேடையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது அடியிலிருந்து காற்றை மேலே தள்ளுகிறது. ஆனால் உள்ளே காற்று நுழையும் வழியும் வெளியேறும் வழியும் அடைபட்டிருக்கும்போது அந்தக் காற்று அடிப்பலகையைத் தடவிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். சுத்தமான கருவியில் சில டிகிரி குறைக்கலாம். அந்தச் சில டிகிரியை, பின்பக்கத்துக் கால்கள் இரண்டின் கீழும் தண்ணீர்ப் புட்டியின் மூடியை வைத்து உயர்த்துவதாலும் பெற முடியும். பெயர்தான் மடிக்கணினி, மடியில் கைலியின் மேலோ, மெத்தையின் மேலோ வைத்தால் அதன் மூக்கை நாமே பொத்திவிடுகிறோம்.

உள்ளே திறந்து சுத்தம் செய்வதுதான் எல்லா வழிகளிலும் கொடுத்த காசுக்கு அதிகப் பயன் தருவது என்பது என் முடிவு, அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சார்ஜரைப் பிடுங்கி, கருவியை அணைத்து, அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றியதும், வேறு எதையும் தொடுவதற்கு முன் பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட வேண்டும். திருகாணிகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. ஒரு தாளில் மூடியின் வடிவத்தை வரைந்து, எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே ஒட்டுநாடாவால் ஒட்டி வைத்தால் பிறகு திண்டாட வேண்டியதில்லை. நீளமான ஒன்றைக் குட்டையான துளையில் முறுக்கி, விசைப்பலகைப் பக்கம் மொட்டு எழும்ப வைத்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

எங்கள் கருவியின் விசிறியை எடுத்தபோது, விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையே விரல் தடிமனில் ஒரு சாம்பல்நிறக் கம்பளம் படிந்திருந்தது. சாதாரணத் தூசியாக இருந்தால் தூரிகையால் தள்ளினாலே உதிர்ந்துவிடும். இது பிசுபிசுத்தது, முகர்ந்தால் சாம்பிராணி மணத்தது. மண்டபத்து மேசை கருவறைக்கு எதிரே இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாகக் கற்பூரப் புகையையும் சாம்பிராணிப் புகையையும் அந்த விசிறி உள்ளே இழுத்து, கோடைத் தூசியோடு குழைத்து, மழைக்கால ஈரத்தில் ஊறவைத்திருந்தது. விசைகளுக்கு இடையில் பிள்ளைகளின் கன்னத்திலிருந்து உதிர்ந்த தனகாப் பொடி (இங்கே முகத்தில் பூசும் மரப்பட்டைப் பூச்சு) வேறு வெள்ளையாக இருந்தது, அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. கம்பளத்தை இடுக்கியால் ஒரே துண்டாக உரித்தெடுக்க முடிந்தது. தகடுகளை ஸ்பிரிட்டில் நனைத்த பல்துலக்கும் தூரிகையால் தேய்க்க வேண்டியிருந்தது. காற்றடித்துச் சுத்தம் செய்பவர்கள் விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்; விட்டுவிட்டால் அது தன் வேகத்தை மீறிச் சுழன்று தாங்கியை (பேரிங்) கெடுத்துவிடும்.

சிப்புக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவே இருக்கும், வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்புபோலக் காய்ந்திருந்தது. சூடேறும்போது விரிந்து, ஆறும்போது சுருங்கும் சிப், ஆண்டுக்கணக்கில் அந்தப் பசையை மெல்ல மெல்ல ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. நடுவில் எஞ்சுவது காற்று, அது வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. பழையதைத் துடைத்தெடுத்து, அரிசி மணி அளவுக்குப் புதிய பசை வைத்து, திருகாணிகளின் அருகே பொறித்திருக்கும் எண் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். நினைவகச் சிப்புகளின் மேல் இருக்கும் ரப்பர் போன்ற வெப்பத் தகடு கிழிந்திருந்தால், அதே தடிமனில் வேறு தகடு வாங்கி வைக்க வேண்டுமே தவிர, அந்த இடத்தைப் பசையால் நிரப்பக் கூடாது. அங்கே இருக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ இருக்கும், பசையால் அதை எட்ட முடியாது. கடையில் சிலர் திரவ உலோகப் பசையைப் புகழ்வார்கள். அதிலுள்ள கேலியம் அலுமினியத்தை அரித்துவிடும். ஒரு துளி சிந்தினால் மதர்போர்டில் மின்கசிவு ஏற்படும். ஊர் ஊராகத் தூக்கிச் செல்லும் கருவிக்கு அது வேண்டாம்.

முடித்துப் பார்த்தபோது, அதே காணொளி, அதே பிற்பகல் வெக்கை, எண் 78. கருவி தானாக அணைவது அன்றோடு நின்றது. ஆனால் படம் வெட்டும்போது திரை இருள்வது நிற்கவில்லை. 72 டிகிரியிலேயே இருண்டது. முன்பு கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: இரண்டு நோய்களும் தனித்தனி.

சிப்பைச் சூடுகாட்டுவது

கடைக்காரத் தம்பி சொன்ன வழிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் மின்னணுக் கருவிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியதால், சிப்புகளைப் பலகையோடு ஒட்டும் பற்றாசு உலகமெங்கும் மாறியது. ஈயம் கலந்த பழைய பற்றாசு 183 டிகிரியில் உருகும். ஈயமில்லாத புதியதற்கு 217 டிகிரி வேண்டும். பிறகு 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளில் இருந்த தன் சிப்புகள் சிலவற்றின் உட்கட்டுமானப் பொருள் பலவீனமாக இருப்பதை ஒப்புக்கொண்டு, அந்தச் செலவுகளுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. அந்தக் காலத்தில்தான் சூடுகாட்டும் வைத்தியம் உலகெங்கும் பரவியது. சூட்டுத் துப்பாக்கியாலும், சிலர் வீட்டு அடுப்பாலும்கூட, சிப்பைச் சுட்டார்கள், படம் வந்தது, சில வாரங்களில் மீண்டும் போனது.

ஏன் போனது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிப் என்று நாம் காண்பது இரண்டு அடுக்கு. மேலே கண்ணாடிபோல மின்னும் சிலிக்கான் துண்டு. அதைத் தாங்கும் பச்சைப் பலகை ஒன்று கீழே. பச்சைப் பலகைக்கும் மதர்போர்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் பற்றாசு மணிகள் இருக்கின்றன. சிலிக்கானுக்கும் பச்சைப் பலகைக்கும் இடையே இருப்பவை அவற்றைவிடப் பலமடங்கு நுண்ணியவை. அந்தச் சிப்புகளில் விரிசல் விட்டவை பெரும்பாலும் இந்த உள்மணிகள். வெளிமணிகளைப் பழையவை நீக்கிப் புதியவை வைக்கும் ரீபாலிங் என்னும் வேலை, உள்ளே இருக்கும் விரிசலைத் தொடுவதே இல்லை. அந்த வேலையின்போது ஏறும் சூட்டில் உள்மணிகள் தற்காலிகமாக ஒட்டிக்கொள்கின்றன, வாடிக்கையாளரும் மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறார். நிலையான தீர்வு என்றால் சிப்பையே புதிதாக மாற்ற வேண்டும். புதியது என்று சொல்லி வேறொரு பழைய பலகையிலிருந்து எடுத்ததை வைத்துவிட்டால் கதை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

ஆகவே இந்த வழியை நான் ஒரே ஒரு சூழலில் மட்டும் ஏற்பேன்: உள்ளே இருக்கும் கோப்புகளைக் காப்பாற்றுவதற்கு ஒருநாள் கருவி உயிரோடு வேண்டும் என்றால். அதற்கும் வன்தட்டைக் கழற்றி யூஎஸ்பி பெட்டியில் போட்டு எடுப்பது மலிவான, அபாயமில்லாத வழி. கூலி, உத்தரவாதக் காலம் இரண்டையும் முன்கூட்டியே கேளுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் உத்தரவாதம் தரத் தயங்கினால் அவருக்கே தன் வேலையின் ஆயுள் தெரிந்திருக்கிறது என்று பொருள்.

எங்களுக்கு உதவியது இதைவிட எளிய ஒன்று. இரட்டைக் கிராபிக்ஸ் உள்ள கருவிகளில் மடிக்கணினியின் திரை பெரும்பாலும் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸோடுதான் இணைக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜர் என்னும் பகுதியில் தனிச் சிப்பை முடக்கிவிட்டால், அது விழித்தெழவே மாட்டாது. அன்றிலிருந்து திரை ஒரு முறைகூட இருளவில்லை. படம் வெட்டி முடிக்க முன்பு இருபது நிமிடம் ஆனது, இப்போது முக்கால் மணி நேரம் ஆகிறது. தனிச் சிப் ஒன்றை மட்டுமே நம்பியிருக்கும் கருவிகளுக்கு இந்த வழி கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திரைக் கம்பி, மதர்போர்டு, வெளித்திரை

சோதனையில் கம்பிப் பட்டை பழுதென்று தெரிந்தால் யோசிக்க வேண்டியதே இல்லை, மாற்றிவிடுங்கள். எல்லா வன்பொருள் பழுதுகளிலும் மலிவானது அது. திரைப்பலகை அதைவிட விலை கூடும், இருந்தாலும் கருவி ஐந்து ஆண்டுக்கு உட்பட்டது என்றால் தகும். வாங்கும்போது அங்குலத்தை மட்டும் சொன்னால் போதாது. கம்பி செருகும் இடத்தில் 30 பின் உள்ளதா, 40 பின் உள்ளதா என்று பழைய பலகையின் பின்பக்கத்து எண்ணைக் காட்டி வாங்க வேண்டும். மதர்போர்டை மாற்றுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்களுக்குச் சொன்ன விலை, பழைய மடிக்கணினி ஒன்றின் விலையில் பாதிக்கு மேல் இருந்தது. அதுவும் வேறொரு கருவியிலிருந்து கழற்றியது.

வெளித்திரை யோசனையைப் பாங்காக்கிலோ சிங்கப்பூரிலோ இருந்திருந்தால் நான் முதலிடத்தில் வைத்திருப்பேன். இங்கே மின்சாரம் நேரக் கணக்கில் வருகிறது. மடிக்கணினியின் உண்மையான மதிப்பு அதற்குள் இருக்கும் பேட்டரிதான். வெளித்திரைக்குப் பேட்டரி கிடையாது. மேசைக் கணினி வாங்கலாம் என்பவர்களுக்கும் இதே கணக்கைக் காட்டுகிறேன். வீட்டு இன்வெர்ட்டரில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். அதன் கொள்ளளவு 1,200 வாட்-மணி. பேட்டரி கெடாமலிருக்கப் பாதிதான் எடுக்கலாம், இன்வெர்ட்டரில் வீணாவது போக ஏறத்தாழ 510 மிஞ்சும். 40 வாட் இழுக்கும் மடிக்கணினி அதில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓடும். திரையோடு சேர்த்து 150 வாட் இழுக்கும் மேசைக் கணினி மூன்றரை மணி நேரத்தைக்கூட எட்டாது, வீட்டில் ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் எரியாமல் இருந்தால்.

மின்வெட்டு சூட்டையும் பாதிக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மின்சாரம் வந்தவுடன் பேட்டரியை ஏற்றிக்கொண்டே கனமான வேலையையும் தொடங்கிவிடுகிறோம். சார்ஜ் ஏறும்போது பேட்டரியும் அதன் சுற்றுகளும் தாமே சூடாகின்றன, அந்தச் சூடும் அதே சிறிய பெட்டிக்குள் சேர்கிறது. முதல் முக்கால் மணி நேரம் சார்ஜ் ஏறவிட்டு, பிறகு படம் வெட்டத் தொடங்கினால் எங்கள் கருவியில் ஐந்தாறு டிகிரி மிச்சமாகிறது. தொடுதட்டு மேலெழும்பியிருந்தாலோ அடிமூடி பிதுங்கியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள்; அப்போது இந்தக் கட்டுரையின் மற்ற எந்த வழியையும் யோசிக்காமல், கருவியை அணைத்து, முதலில் அதைக் கழற்றிவிட வேண்டும்.

வேறொன்று வாங்குவதென்றால்

எங்கள் கருவியின் பிராசசர் விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. இன்டெலில் அந்தப் பட்டியல் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆகவே மதர்போர்டுக்கோ சிப்புக்கோ பெருந்தொகை கொடுப்பது, இடிக்கப்போகும் வீட்டுக்கு வெள்ளையடிப்பதாகும். விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் மின்ட் போட்டு வகுப்புக்கு மட்டும் வைத்துக்கொள்வது மதிக்கத்தக்க வழி.

புதியது வாங்கப் பணமிருப்பவர்களுக்குக் கட்டுரை தேவையில்லை. ஜப்பானிலிருந்து வரும் பழைய அலுவலக மடிக்கணினிகளில் ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்கு மூன்று சொல்கிறேன். படம் வெட்டுவது பிழைப்பாக இல்லாவிட்டால், தனிக் கிராபிக்ஸ் சிப் இல்லாத கருவியையே தேடுங்கள். நம் வெக்கையில் ஒரு சிப்பைக் குளிரவைப்பதே பாடு. காணொளிதான் முக்கிய வேலை என்றால் 11ஆம் தலைமுறைக்காகச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் 8ஆம் தலைமுறை போதும், அதிலேயே எங்கள் பழைய ஐ5 பிராசசரின் இரண்டு கோருக்கு (கணக்கிடும் பிரிவு) பதிலாக நான்கு கிடைக்கின்றன. கடையில் குளிர்சாதனத்துக்குக் கீழே ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். வெப்பம் காட்டும் மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோய், அரை மணி நேரம் காணொளியை ஓடவிட்டு, எண்ணைப் பாருங்கள். கடைக்காரர் தேநீர் வரவழைத்தால் குடியுங்கள், எழுந்துவிட வேண்டாம். விசைகளில் ஜப்பானிய எழுத்து இருப்பது தொல்லையாகத் தோன்றும், ஆனால் தமிழ் தட்டச்சு செய்பவர்கள் எப்படியும் விசையைப் பார்ப்பதில்லை.

எங்கள் வகுப்பு இப்போதைக்குப் பழைய கருவியையே வைத்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. சுத்தம், புதிய பசை, முடக்கிய தனிச் சிப், ஏவி1 நிறுத்தம், இவ்வளவுதான் செய்தது. பசையின் விலையையும் ஒரு பாட்டில் ஸ்பிரிட்டின் விலையையும் தவிர வேறு செலவில்லை. விசிறியின் தாங்கி இன்னும் காலையில் ஒருமுறை கரகரக்கிறது, அதன் பின்பக்கத்து எண்ணைக் கொடுத்து மாற்று விசிறிக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். படம் வெட்டுவதற்கு, மழைக்காலம் முடிந்ததும் 8ஆம் தலைமுறை ஒன்றைப் பார்ப்பதாகத் திட்டம். மேசையைக் கருவறைக்கு எதிரிலிருந்து தூணுக்குப் பின்னால் நகர்த்திவிட்டோம். அடுத்து எப்போது திறக்க வேண்டும் என்பதை அடிமூடியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: தை மாதம், பொங்கலுக்கு மறுவாரம்.